வெயிலில் காய்ந்த நீர்க்கரடி

படகுத்துறைத் தூண்களில் எண்ணெய்க் கசடோடு ஒட்டியிருக்கும் பொடிச் சிப்பிகளைச் சுரண்டிவந்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பது மிக்கேலம்மாளின் வேலை. ஈரத்தோடு விட்டால் நாறிப்போகும் என்று, மீன் காயவைத்துப் பழகிய கை அன்றைக்குச் சிப்பிகளையும் மாடி வெயிலில் பரப்பிவிட்டது.

"அய்யோ அக்கா, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நீர்க்கரடின்னு ஒரு பூச்சி இருக்கு. எண்ணெயத் தின்னுட்டு எப்பிடிப் பொழைக்குதுன்னு பாக்க, உயிரோட வேணும். கருவாடு போட்டுட்டீங்களே!" தலையில் கைவைத்தாள் ஆராய்ச்சிக்கார வாசுகி. துறையை நேற்றே இடித்துவிட்டார்கள். இனி எடுக்கச் சிப்பி கிடையாது. அவள் ஆராய்ச்சியும் தன் வேலையும் ஒன்றாகப் போயிற்று என்று மிக்கேலம்மாள் மாடிக்கு ஓடிச் சிப்பிகளை அள்ளிவந்தாள்.

"தாங்குதான்னு பாப்போம்" என்று வாசுகி ஒரு சிப்பியைக் கடல்நீரில் ஊறப்போட்டாள். சாப்பாட்டு நேரம் போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, சீக்கிரம் இங்க பாருங்க!"

மிக்கேலம்மாள் ஒரு கண்ணை இடுக்கி நுண்ணோக்கியின் லென்சுக்குள் பார்த்தாள். சுருங்கிக் கிடந்த தூசி ஒன்று மெல்ல உப்பியது. எட்டுக் கால்கள் வெளியே வந்தன, ஒவ்வொன்றிலும் நகம். வயிற்றுக்குள் கறுப்பாக எண்ணெய். அதையும் சுமந்துகொண்டு, நிறைமாதக்காரி மாதிரி அசைந்து அசைந்து, ஒரு மணல்துகளைப் பற்றி ஏறியது.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போயேன்டி" என்றாள் மிக்கேலம்மாள், கண்ணை எடுக்காமல்.