ஓனருக்குத் தெரியும்

"அணை உடையும்னு ஓனருக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

இன்ஸ்பெக்டர் பன்னீர்செல்வம் மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல ரெஜினா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லாத் தெரியும் சார். எல்லாருக்குமே தெரியும்."

செய்யூருக்குக் கிழக்கே, அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையில் காலனி சனம் மொத்தமும் ஈரத் துணியோடு ஒண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம், புயல் மழையில் பண்ணை அணை உடைந்து ஓடையோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போய்விட்டது. கரை ஆடுகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டதால் பிழைத்தார்கள். போனது ஓர் உயிர். ரெஜினாவின் கணவன் மோசஸ். அவன் உடல் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இருந்தது.

"உடையும்னு எப்படித் தெரியும்?"

"கரை பூரா முள்ளு மரம் வேரு வுட்டுக்கீது சார். எங்க பாத்தாலும் எலி வளை. வெயில் காலத்துலயே அடியில கசிஞ்சிகினு இருக்கும். நடுவுல ஒரு விரிசல், என் கையே உள்ள பூந்துடும். பண்ணைக்காரரு சுப்புராமன் ஐயா கைல எத்தினி வாட்டி போய் சொல்லிக்கீறோம் தெரியுமா?"

"அவர் என்ன சொன்னார்?"

"மொதல்ல எல்லாம் கத்துவாரு. 'எங்கப்பா கட்டுன அணை, நீங்க இன்னா இஞ்சினீரா'ம்பாரு. கொஞ்ச காலமா கத்தறதில்ல. போனா உக்கார வச்சி டீ குடுப்பாரு. 'இனிமே எல்லாம் உங்க கையிலதான் கீது'ன்னு சிரிப்பாரு. அவ்ளோதான்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கூட வந்திருந்த பெண் போலீஸ் தெய்வநாயகி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ரெஜினா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"ஷட்டரைத் தூக்கியிருந்தா தண்ணி வடிஞ்சிருக்குமே?"

பக்கத்து வீட்டு ஜெபக்குமார் முன்னால் வந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"எங்க சார் தூக்கறது? துருப்புடிச்சி ஒட்டிகினு கீது. நானும் மோசஸ் அண்ணனும் கடப்பாரை எடுத்துகினு ஓடுனோம். அண்ணன் மேல ஏறி நெம்பிச்சி. திடீர்னு, 'எறங்குடா, கரை போவுது'ன்னு என்னைப் புடிச்சித் தள்ளிச்சி. நான் மேட்டுல வுழுந்தேன். திரும்பிப் பாத்தா ஷட்டரும் இல்ல, அண்ணனும் இல்ல."

அவன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ரெஜினா அழவில்லை. கல்பாக்கத்தில் கேன்டீன் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அப்போது நெஞ்சுக்குள் மூண்ட ஆத்திரம் அழுகைக்கு வழிவிடவே இல்லை.

"ஓனர் நெனச்சிருந்தா தடுத்திருக்கலாம்னு சொல்றீங்களா?"

"பெரிய வேலையே இல்ல சார். மழைக்கு முந்தி அந்த ஷட்டரைக் கழட்டிப் போட்டிருந்தா தண்ணியே நின்னிருக்காது. அதுகூட செய்யல. கீழ புள்ளகுட்டியோட சனம் கீதுன்னு தெரியும். தெரிஞ்சே வுட்டாங்க. என் புருசனை மழை கொல்லல சார். அணைய வச்சிகினு சும்மா குந்திகினு இருந்தாங்களே, அவங்கதான் கொன்னாங்க."

"ஆமா சார்!" என்று வகுப்பறையே குரல் கொடுத்தது.

எழுதியதை இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். ரெஜினா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"கொன்னாங்கன்னு சொன்னேனே, அது வரல சார். அத்தையும் போடுங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதையும் சேர்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு ஜெபக்குமார் போட்டான்.

"எப்ப சார் புடிப்பீங்க? பெரிய எடம்னு வுட்டுடாதீங்க. ஜாமீன்கூட குடுக்கக் கூடாது."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க காலனிக்குக் கல்லறைத் தோட்டம் வேணும்னு நீங்க கேட்டு, சுப்புராமன் நிலத்தைத் தானமா எழுதிக் கொடுத்தாரா?"

"குடுத்தாரு சார். செத்தவங்களை ரோட்டோரமா பொதைச்சிகினு இருந்தோம். அந்த ஒண்ணுதான் அவரு செஞ்ச புண்ணியம்னு மாலை எல்லாம் போட்டோம்."

"காலனி சங்கத் தலைவின்னு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அவரே காட்டுன எடத்துல போட்டேன். மோசசைக்கூட அங்கதான்..." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "அத்த எதுக்கு சார் இப்போ கேக்கறீங்க?"

"இன்னிக்குக் காலையில சுப்புராமன்தான் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தார். அணை உடைஞ்சு அவரோட சவுக்குத் தோப்பு போச்சாம், ஒரு ஆளும் செத்துட்டானாம், ஓனரைச் சும்மா விடக் கூடாதாம்."

தெய்வநாயகி ரெஜினாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தார்.

"அந்தக் கல்லறை நிலத்தோட அணையையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கார். ரெண்டு வருஷமா ஓனர் நீங்கதாம்மா."