ஜூலை இருபது

கணினியின் மூலையில் ஜூலை இருபது என்று இருந்தது.

சுவரில் தொங்கிய 2006-ஆம் வருஷ நாட்காட்டியில் ஆகஸ்ட் இருபத்தொன்பது.

மலர்விழி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மணி நாலரை. மூன்று மணிக்கே தேதியைப் பழையபடி மாற்றியிருக்க வேண்டும். பத்து நாளாக மறக்காமல் செய்த வேலை. இன்று மறந்துவிட்டாள்.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முடிவுகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. சர்க்கரை, உப்பு, சிறுநீர், மறுபடியும் சர்க்கரை. தட்டித் தட்டிச் சலித்துப்போய், கணினி விளையாட்டு தயாரிக்கும் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். விளையாட்டில் வைக்கிற மாதிரி கணினியிலேயே மூன்று முப்பரிமாணப் பொருள் செய்து அனுப்பு, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. பெட்டி, பீப்பாய், கதவு, எதுவானாலும் சரி. உருவமும் நிற்க வேண்டும், மேலே மரமோ துருவோ அச்சு அசலாக ஒட்டியிருக்கவும் வேண்டும்.

எந்த மென்பொருளில் செய்வது? வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் மூன்று இருந்தன. ஒன்றைத் திறந்தாலே நிலையத்துக் கிழட்டுக் கணினி அப்படியே நின்றுவிடும். இரண்டாவது, காலத்துக்கும் காசில்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் செய்த பெட்டி சுழன்று எங்கோ ஓடிப்போகும், தேடிப் பிடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். மூன்றாவதில் பத்தே நிமிடத்தில் பெட்டி வந்து நின்றது. அவளைப் போலக் கற்றுக்குட்டிகளுக்கென்றே செய்தது. ஆனால் முப்பது நாளைக்குத்தான் திறக்கும்.

முப்பது நாள் முடிந்ததும் அவள் கண்டுபிடித்த வழி இது. கணினியின் தேதியை, அந்த மென்பொருளை ஏற்றிய நாளான ஜூலை இருபதுக்கே தள்ளிவிட்டால் போதும். இன்றுதான் முதல் நாள் என்று நம்பி அந்த அப்பாவி வேலை செய்யும். மதியம் தள்ளுவாள், மூன்று மணிக்கு மீட்டு வைப்பாள். இதுவா, ஓடிப்போகும் பெட்டியா என்று முடிவு செய்ய முடியாமலே நாள் போனது.

இன்று முடிவு செய்துவிட்டாள். உடைந்த தக்காளிப் பெட்டியின் பலகைத் துண்டை நிலையத்து ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, திரையில் நின்ற பெட்டியின் ஆறு பக்கமும் போர்த்தினாள். ஆணி ஓட்டையும் தக்காளிச் சாறு ஊறிய கறையும் அப்படியே வந்து உட்கார்ந்தன. இனி இதுதான் என்று கைகொட்டாத குறை. அந்தச் சந்தோஷத்தில் தேதியாவது ஒன்றாவது!

மூன்று மணிக்குப் பிறகு நாலு பேருக்கு அச்செடுத்திருந்தாள். கணினியின் தேதி தானாகவே தாளில் விழும், நாலிலும் ஜூலை இருபது. முதலாளி ராயப்பராஜ் காலையிலேயே வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்துவிடுகிறவர். அவர் எதையும் பார்க்கவில்லை. மூன்று உறைகள் இன்னும் மேசையில்தான் கிடந்தன.

நான்காவது போய்விட்டது.

கௌசல்யா, வயது இருபத்தொன்று. தலைசுற்றல் என்று போனவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கர்ப்பச் சோதனை. பாசிட்டிவ்.

மஞ்சள் வெளுக்காத தாலிக் கயிறு, கையில் சிவப்பு மாறாத மருதாணி. ஜூலை இருபது என்றால் ஆடி நாலு. ஆடியில் எந்த வீட்டில் தாலி கட்டுகிறார்கள்? தாலி ஏறும் முன்பே வயிற்றில் பிள்ளை என்றல்லவா அந்தக் காகிதம் சொல்லும்! புருஷன் படிப்பான். மாமியார் படிப்பாள்.

வேலை போய்விடும் என்ற பயம்கூடப் பின்னால் போய்விட்டது. இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கே கிணற்றில் மிதந்த பெண்களை மலர்விழிக்குத் தெரியும்.

பதிவுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். வடமதுரை என்று மட்டும் இருந்தது. போன் நம்பர் இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது.

கௌசல்யாவே வந்து நின்றாள். கையில் கிழித்த உறை, முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் புருஷன் பைக்கை விட்டு இறங்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்டைதான் என்று மலர்விழிக்கு உறுதியாகிவிட்டது. உள்ளே இருக்கும் முதலாளிக்குக் கேட்பதற்குள் காலில் விழுந்தாவது முடித்துவிட வேண்டும். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"தப்பு எம்மேலதாம்மா. கம்ப்யூட்டர்ல தேதிய நாந்தான் மாத்தி வச்சேன், இங்க யாருக்கும் தெரியாது. செத்த நேரம் உக்காரு, இன்னைக்குத் தேதி போட்டு வேற தாரேன்."

கௌசல்யா புரியாமல் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பிரித்து மேல் மூலையைப் படித்தாள். அவள் அதுவரை தேதியைப் பார்த்திருக்கவே இல்லை.

மலர்விழி நாற்காலிக்குத் திரும்பி, தேதியை ஆகஸ்ட் இருபத்தொன்பதுக்குக் கொண்டுவந்தாள். அப்போதுதான் பயத்தில் பாதியில் விட்ட கணக்கு மீதியும் நடந்தது. ஆவணி பிறந்தே பதின்மூன்று நாள்தான் ஆகிறது. முதல் முகூர்த்தத்திலேயே தாலி ஏறியிருந்தாலும், இத்தனை சீக்கிரம் இந்தச் சிறுநீர்ச் சோதனையில் தெரியாது.

அச்செடுக்கப் போன விரல் நின்றுவிட்டது.

கௌசல்யா மேசையருகே வந்தாள். கதவுக்கு வெளியே ஒரு தடவை பார்த்தாள். திரையைப் பார்த்தாள். குரல் வெளியே வராமல் பேசினாள்.

"அவரு இன்னும் பாக்கலக்கா. தேதிய மாத்துனா யாருக்கும் தெரியாதுன்னா, கீழ இருக்க அந்த ஒத்த வரியையும் மாத்திக் குடுத்துருங்க."