கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அந்தத் தொற்றுக்காலத்தில் மருத்துவ மாணவர்களான எங்களுக்குத் தேர்வுத்தாள் கிடையாது. மணிக்கட்டில் மாட்டிய கண்காணிப்பு வளைதான் மதிப்பெண் போட்டது. வார்டு வளாகத்தில் எங்கே முகக்கவசம் இறங்கினாலும் அந்த வருஷமே போச்சு.

தொற்றோடு எங்கள் வார்டில் கிடந்த தையல்காரர் சந்தியாகுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எழுதப் படிக்கவும் தெரியாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். செயற்கைச் சுவாசத்துக்குக் குழாய் பொருத்தப்போன எங்கள் கைகளை மிரண்டுபோய்த் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். சுவரிலிருந்து விளக்கம் சொன்ன இயந்திரத்துக்கோ உதடே இல்லை.

என் வகுப்புத்தோழி ஜெனிட்டா சட்டென்று வெளியேறி, கையைக் கழுவிவிட்டு, அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“ஏட்டி, வேண்டாம்! வருஷம் போயிரும்.”

“கண்ணாடிக்குள்ள பூந்து எந்தக் கிருமி வருமாம்?” என்றவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். அவளுடைய வளை சிவந்தது. அவள் அவரைப் பார்த்து நிதானமாகப் பேசினாள்.

“பயப்படாதிய அண்ணாச்சி. மயக்கம் குடுத்துட்டுத்தான் குழாய் போடுவோம். மூச்சு சீரானதும் எடுத்துருவோம்.”

சந்தியாகு தலையசைத்துவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டார்.

ஜெனிட்டாவின் வளையைப் பறித்துக்கொண்டார்கள். அவள் வருஷமும் போனது. மறுநாளே, படுக்கை விரிப்பு மாற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதே வார்டுக்கு வந்தாள்.

பிழைத்து வீடு திரும்பிய நாளில், சந்தியாகு வார்டு வாசலில் நின்ற எங்களிடையே அந்த முகத்தைத் தேடினார். கழற்றிக் காட்டச் சொல்லிச் சைகையில் கெஞ்சினார். என் பக்கத்தில் நின்ற ஜெனிட்டா கைகூப்பினாளே தவிர, கவசத்தைத் தொடவில்லை.

அவர் போனபின் கேட்டேன்: “ஒனக்குத்தான் வளையே கெடையாதே, காட்டியிருக்கலாம்லா?”

“இங்க நடுவுல கண்ணாடி இல்லல்லா,” என்றாள்.