சாவித்துவாரத்து ஈக்கள்

எள்ளினும் சிறிய ஈக்களை, பிறர் எடுத்தனுப்பும் மங்கலான கைப்பேசிப் படங்களைக் கொண்டே இனங்கண்டு சொல்பவள் அறிவுக்கொடி. மனிதர் பொய் சொல்வர், ஈ சொல்லாது என்பது அவள் கொள்கை. அன்று வந்த படத்தில், ஒரு கதவின் சாவித்துவாரத்தை ஈக்கள் மொய்த்திருந்தன. கூனிய முதுகு, தடித்த பின்தொடை, ஐயமே இல்லை. படம் அனுப்பிய பூங்காவனத்தை உடனே அழைத்தாள்.

“எங்க சாமி அடைச்சிக்கிட்டு தவமிருக்கிற ரூமுக்கா. தெய்வப்பூச்சின்னு கும்புடறோம். பேரு என்னாக்கா?”

“பொணத்துல பெருகுற ஈம்மா இது. உங்க சாமி செத்துட்டாரு. கதவ ஒடைங்க!”

“வெளையாடாதீங்கக்கா. இப்பதான் உள்ளேருந்து கூப்ட்டாரு. எம்பொண்ணு போயிருக்கா.”

“அவள வெளியே கூப்பிடும்மா!”

“கண்ணு, மணியம்மை!” என்று பூங்காவனம் கூவுவது தொலைபேசியில் கேட்டது.

கதவுக்குள்ளிருந்து, “என்னம்மா, என்னயா கூப்ட்ட?” என்றது ஒரு கிழவனின் குரல்.