மஞ்சள் கோடு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரகடத்தில் பட்டப்பகலில் நடந்த ஒரு கொலை முயற்சியைச் சொல்லப்போகிறேன். பயப்பட வேண்டாம், கதை முடியும்போது எல்லோரும் உயிரோடுதான் இருப்பார்கள்.

டில்லிபாபு ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் நட்டு முறுக்குகிறவர்கள் வேறு ஆட்கள். முறுக்கி முடித்ததும், நட்டிலும் சக்கரத்திலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார்கள். கோடு விலகினால் நட்டு அசைந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக அவர் கோடு பார்த்தாரே தவிர, ஸ்பேனரைத் தொட்டதில்லை.

சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி அதை மூன்று அங்குலம் தூக்கிக் கட்டினார். பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிய ஒல்லி ஆள் மாதிரி நின்றது வண்டி. சக்கரங்கள் வெளியே தள்ளி நின்றால் கம்பீரமாக இருக்குமே! அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் தட்டுகளை வாங்கிக்கொண்டு, கம்பெனி கேட்டுக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கும் யாக்கோபுவிடம் போனார்.

"மாட்ட மாட்டேம்ப்பா" என்றார் யாக்கோபு.

"இன்னாண்ணே, ஊரே மாட்டுது. வளைவுல வண்டி சாயாதுண்ணே."

"சாயாது. ஆனா பேரிங் பூடும், நட்டு லூசாவும். ஒருநாள் உன் சக்கரம் உனக்கு முன்னாடி சிங்கப்பெருமாள் கோவில் போய்ச் சேரும். நீ பின்னாலயே ஷேர் ஆட்டோல போய்ப் பொறுக்கிக்கினு வா."

பக்கத்து டீக்கடையே சிரித்தது. டில்லிபாபுவின் முகம் கறுத்துவிட்டது.

"உனக்கு வயித்தெரிச்சல்ணே!"

ஞாயிற்றுக்கிழமை வேறெங்கோ போய் மாட்டிக்கொண்டு வந்தார். தொழில் பழக்கம் விடுமா? மாட்டிய கையோடு நட்டுக்கு நட்டு மஞ்சள் கோடும் இழுத்துக்கொண்டார். தூக்கிக் கட்டிய வண்டியைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால், பேச்சு முறிந்த பிறகும் அது டயர் கடைக்கு அருகில்தான் நிற்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவர் திடுக்கிட்டார். முன் சக்கரத்தில் கோடுகள் விலகியிருந்தன. தானாக விலகினால் ஒன்றிரண்டு விலகும். ஆறு நட்டிலும் விலகினால் அது ஆள் வேலை! வண்டியோடு வந்த ஸ்பேனரை முதன்முதலாக எடுத்து, கோட்டோடு கோடு சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமையும்.

அன்று அவர் காதில் விழும்படி யாக்கோபு டீ மாஸ்டரிடம் விசாரித்தார்.

"ஞாயித்துக்கெழம இவன் பொண்ணுக்கு சேரப்பணஞ்சேரில காதுகுத்தாமே? குடும்பத்தோட இந்த வண்டிலயா போறான்?"

டில்லிபாபு விரல்விட்டு எண்ணினார். மனைவி சசிரேகா, மகள் பூஜா, மாமனார், மாமியார் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

சப்-இன்ஸ்பெக்டர் லீலா மனுவைப் படித்தார். 'எதிரி' என்ற இடத்தில் யாக்கோபுவின் பெயர்.

"ஸ்பேசர் சண்டைக்கு ஒருத்தர் கொலை பண்ணுவாராய்யா?"

"கோடு பொய் சொல்லாது மேடம்!"

வெள்ளிக்கிழமை மதியம் லீலா சாதாரணச் சேலையில் டீக்கடையில் உட்கார்ந்தார். டில்லிபாபு பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், தலைகீழாக.

பன்னிரண்டரைக்கு யாக்கோபு நீளமான ஸ்பேனரோடு வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முன் சக்கரத்தருகே குந்தி, பலமாக ஒரு திருப்புத் திருப்பினார்.

"பாத்தீங்களா மேடம், கழட்றான்!"

லீலா ஓடிப்போய் ஸ்பேனரைப் பிடித்தார். யாக்கோபு திருதிருவென்று விழித்தார்.

"கழட்டலம்மா, இறுக்கறேன். சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கினு பூடுவான். புள்ளைய ஏத்திக்கினு போறானேன்னு, சொல்லாம கொள்ளாம தெனம் வந்து இறுக்கி வுடறேன்." தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு புரியலம்மா. எவ்ளோ இறுக்குனாலும் மறுநாள் லூசாதான் கீது. எவனோ கழட்டறாம்மா!"

லீலா குனிந்து பார்த்தார். கோடு வலது பக்கம் விலகியிருந்தது, நட்டு இறுகுகிற பக்கம். மெதுவாக நிமிர்ந்தார்.

"டில்லிபாபு, தெனமும் கோடு விலகியிருந்துச்சே, நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் சும்மா வுடுவேனா மேடம்?" டில்லிபாபு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆறு நட்டையும் லேசா இடது பக்கம் திருப்பி, கோட்டோட கோடு சேத்துட்டுத்தான் வண்டியயே எடுப்பேன்!"

யாக்கோபு தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லீலா மனுவை விரித்து, 'எதிரி' என்ற இடத்தில் இருந்த யாக்கோபுவின் பெயரை அடித்துவிட்டு, 'மனுதாரர்' பெயரையே அங்கேயும் எழுதினார்.

ஸ்பேசர் மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் இஷ்டம், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் எத்தனை சக்கரத்தோடு போகிறார்களோ, அத்தனை சக்கரத்தோடும் திரும்பி வரட்டும். திட்டிக்கொண்டே நட்டு இறுக்கிவிட ஒருவர் உங்களுக்கு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.