சுல்தானின் முன்னங்கால்

"மெதுவா அண்ணே, அதுக்கு வலிக்குது" என்று கெஞ்சினாள் வஜீதா. முக்காட்டுக்குள் அவள் கண்கள் அழுது சிவந்திருந்தன.

ஜட்காக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் வேலாயுதம் இன்னும் கிடாவைத் தொடவே இல்லை. ஆம்பூரில், கதவு சாத்திய அந்த வீட்டுக் கொல்லையில், சுல்தான் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"வலின்னு எப்டிம்மா சொல்றே? சத்தமே போடலியே."

"இது எங்க சத்தம் போடும்? காலையிலேர்ந்து அசை போடல. பல்லை நறநறன்னு கடிக்குது. காதைப் பாருங்க, எப்டி தொங்கிப் போச்சு."

தாயில்லாமல் வந்த குட்டிக்குத் துணியில் பாலை நனைத்து ஊட்டியவள் அவள். அதன் வலி அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து பாதி வேலையில் ஓடி வந்திருந்த அவள் புருஷன் அப்துல் கஃபாருக்கோ வேறு கவலை. "நாளைக்கு பக்ரீத் வேலாயுதம். நொண்டி ஆடு குர்பானிக்கு ஆகாது. இப்போ வேற கிடாவுக்கு நான் எங்க போறது?"

வஜீதா தலையைக் குனிந்துகொண்டாள். அல்லாவுக்குப் பலியென்று சொல்லிவிட்டதை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் ஏது, பாவம்.

வேலாயுதம் காலைப் பிடிக்கப் போனார். சுல்தான் விட்ட உதையில் வேட்டியெல்லாம் மண்ணாகிப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"அது காலை யாரையும் தொட விடாது" என்றார் கஃபார். "இவ பிடிச்சாத்தான் நிக்கும். வஜீதா, பிடி."

அவள் பிடித்தாள். கிடா சாதுவாக நின்றது.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. "அசர் தொழுதுட்டு வந்துடறேன். அதுக்குள்ள நடக்க வெச்சுடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கஃபார் கிளம்பினார்.

வேலாயுதம் குளம்பை விரித்துப் பார்த்தார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையிலிருந்து ஒரு சிம்பு, இடுக்கில் ஆழமாகச் செருகியிருந்தது.

"அட, இவ்ளோதானா? இதை இழுத்துட்டா போதும், கொல்லை பூரா ஓடும். சாயபு வந்து பாத்தா சந்தோசப்படுவாரு."

வஜீதா சட்டென்று குளம்பைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சுல்தான் மறுபடியும் பல்லைக் கடித்தது. அந்தச் சத்தம் தாங்காமல் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"பெருநாள் முடியட்டும் அண்ணே. வெச்ச நானே எடுத்துடறேன்."