ஆறு பந்தயங்களுக்கு ஒப்பந்தம்

ஓசூரில் மோட்டோகிராஸ் எனும் கரடுமுரடான மண்பாதைப் பந்தயத்துக்கான பைக் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, நட்சத்திர வீரன் ரெக்ஸ்லினை ஒப்பந்தம் செய்வதா வேண்டாமா என்று ஒரே குழப்பம். இனி வரும் ஏழாவது பந்தயத்தில் அவன் முதுகெலும்பு முறியும் என்று உடற்கணிப்புக் கருவி சொல்லியிருந்தது. அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. செய்தி பத்திரிகைகளிலும் வந்துவிட்டது.

"அப்ப ஆறுக்கு மட்டும் எடுத்துக்கலாம்" என்றார் மேலாளர். ஒப்புதல் கையெழுத்துப் போடவேண்டிய மருத்துவர் பரிமளா மறுத்துவிட்டார்.

ரெக்ஸ்லின் அவர் அறைக்கே வந்து நின்றான்.

"மத்த கம்பெனியெல்லாம் கதவைச் சாத்திட்டாங்க டாக்டர். எனக்கு இதை விட்டா வேற வேலை தெரியாது. ஆறோட நிறுத்திக்கிறேன், சத்தியமா."

அவன் கெஞ்சுவதைப் பார்க்கச் சகிக்காமல் பரிமளா கையெழுத்திட்டார்.

ஆறிலும் அவனே ஜெயித்தான். கடைசி வெற்றிக்கு மறுநாள் காலை அவரைத் தொலைபேசியில் அழைத்தான்.

"இன்னொரு கம்பெனி என்னை எடுத்திருக்கு டாக்டர். ஒரே ஒரு பந்தயத்துக்கு."

"சத்தியம் பண்ணினியே ரெக்ஸ்லின்! போகாதேப்பா!"

"டிக்கெட் மொத்தமும் வித்துப்போச்சாம். இவ்வளவு கூட்டம் எனக்கு வந்ததே இல்ல" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.